காகம் தேடிப் போன மலை

வெறும் வயிற்றோடு மலை ஏறக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஏறினேன். அதுவும் கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு, அதிலிருந்து ஒரு பருக்கைகூட வாயில் வைக்காமல் ஏறினேன். ஜேர்மனியின் தெற்கு எல்லையில், ஆடுகளே யோசித்துக் கால் வைக்கிற ஒரு பாதையில், இப்படி ஒரு வேலையைச் செய்த முதல் யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருக்கவேண்டும். (கடைசி ஆளும் நானாகவே இருக்கட்டும்.) எங்கள் வீட்டில் இந்தக் கதையை வருடா வருடம் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அதில் புதிதாக ஏதாவது சேர்க்கிறார்கள். போன வருடம் நான் ஹெலிகொப்டரின் காலைப் பிடித்துத் தொங்கியதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நடந்ததை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மனைவி வதனி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன்.

வதனிக்குப் பசி பொறுக்காது. கைப்பையில் எப்போதும் கடதாசியில் சுற்றிய உழுந்து வடை ஒன்று இருக்கும். நாங்கள் உல்ம் நகரத்துக்கு வந்த புதிதில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவுக்காகக் காத்திருந்த ஒரு காலையில், பத்து நாட்டு அகதிகளும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மண்டபத்தில், அவள் பையைத் திறந்து வடையை எடுத்துக் கடித்தாள். வெங்காய மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. எனக்கு மானம் போனது.

"என்னப்பா இது, உள்ளுக்குக் கூப்பிடப் போறாங்கள்" என்றேன்.

"இஞ்சருங்கோ, பசியோட இருந்தால் எனக்கு டொச் பாஷை வராது. வந்த கொஞ்சமும் போயிடும்" என்றாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த கொசோவோக் கிழவிக்கும் பாதி பிய்த்துக் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு வயிற்றில் நோய் வந்தது. கடைசி இரண்டு மாதமும் ஒரு வாய் இறங்கவில்லை. எல்லாம் ஊசி வழியாகத்தான் போனது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வடை வேண்டும் என்று கேட்டாள். எங்கள் குசினியில் நான் தேத்தண்ணி தவிர வேறு எதுவும் செய்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய், உழுந்து அரைத்து, வாழ்க்கையில் முதன்முதலாக வடை சுட்டுக் கொண்டுபோனேன். அவளால் கடிக்க முடியவில்லை. உள்ளங்கையில் வைத்து மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள்.

"உப்புக் காணாது" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒன்றைத் தின்று பார்த்தேன். உண்மையாகவே உப்புக் காணாது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்கும் வடை சுட்ட தாச்சிக்கும்தான் தெரியும்.

எங்கள் வழக்கத்தில், செத்தவருக்குப் படைத்த சாப்பாட்டைக் காகத்துக்கு வைப்போம். காகம் வந்து எடுத்தால் அவர் சாப்பிட்டதாக அர்த்தம். அதுவரைக்கும் கடமை செய்கிறவன் பட்டினி. யாழ்ப்பாணத்தில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. சோற்றை வைக்க முன்னமே காகம் வேலியில் வந்து நிற்கும். ஜேர்மன் காகம் அப்படியில்லை. கூப்பிட்டவுடன் வருகிற வழக்கம் அதற்குக் கிடையாது. (அதைச் சந்திக்க முதலில் நேரம் குறித்து ஒரு டெர்மீன் எடுக்கவேண்டும் போல.) முப்பத்தோராம் நாள் எங்கள் நாலாம் மாடி பல்கனியில் சோறும் கறியும் வைத்து நான் "கா... கா..." என்று கூப்பிட்டபோது, எதிரே விளக்குக் கம்பத்தில் இருந்த ஒரேயொரு காகம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. வந்தவை புறாக்கள். ஒன்று, இரண்டு, பிறகு உல்ம் நகரத்துப் புறாக்கள் அத்தனையும். கீழ் வீட்டு ஜேர்மன் அம்மா யன்னலைத் திறந்து, புறாவுக்குத் தீனி போடுவது இந்த நகரத்தில் தடை என்று சத்தம் போட்டார். நான் "கா... கா..." என்று அவரைக் கூப்பிடவில்லை என்பதை விளங்கப்படுத்தவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றைக்குப் பின்னேரம் கொலோனிலிருந்து வதனியின் தமக்கை பவானி அக்கா தொலைபேசி எடுத்தா. மனிசிக்கு வேறு கேள்வி கிடையாது.

"தம்பி, காகம் எடுத்ததோ?"

"இல்லை அக்கா. புறாதான்."

"புறாவோ?" என்றா. பிறகு விம்மி விம்மி அழத் தொடங்கினா. "ஐயோ தம்பி, என்ரை பிள்ளை பசியோட நிக்கிறாள்."

நான் படித்தவன். இரசாயனப் பட்டதாரி. (இங்கே மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன், அது வேறு கதை.) காகம் தின்றால் செத்தவர் வயிறு நிறையும் என்று நான் நம்பியதில்லை. ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் "பசியோட நிக்கிறாள்" என்று காதுக்குள் கேட்கும். அந்த வருடம் நான் இளைத்துப்போனேன். நான் வருத்தக்காரன் ஆகிவிட்டேன் என்று சனம் கதைத்தது.

மகள் கீர்த்திக்கு அப்போது பதினைந்து வயது. தாய் செத்த நாளிலிருந்து தாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திவிடுவாள். குசினிப் பக்கம் வரமாட்டாள். நானும் என்ன பேசுவது என்று தெரியாமல், "ஹவுஸ்அவுவ்காபே முடிஞ்சுதோ?" என்று வீட்டுப்பாடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினேன்.

ஆட்டைத் திவசம், அதாவது முதல் ஆண்டுத் திவசம் நெருங்கியபோதுதான் களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்கிற கிளவுஸ் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு படம் காட்டினான். மலை உச்சியில் நிற்கிறான். கையில் ஒரு கறுப்புப் பறவை.

"இவை மலையில் இருப்பவை. கையிலிருந்தே பிடுங்கித் தின்னும். கொஞ்சமும் வெட்கம் இல்லை" என்றான்.

வெட்கமில்லாத கறுப்புப் பறவை! நான் ஒரு வருடமாக ஜேர்மனியில் தேடிய காகம் இதுதானே? எங்கே, எப்படிப் போவது என்று விசாரித்தேன். ரயில், பிறகு கம்பியில் தொங்குகிற பெட்டி, அதற்குப் பிறகு ஒரு மலைப்பாதை.

"பாதை கஷ்டமா?"

"லேசு. என் மாமியாரே போவார்."

(அந்த மாமியார் இளம் வயதில் மலையேறக் கற்றுக்கொடுத்தவராம். இதை அவன் எனக்குத் திங்கட்கிழமைதான் சொன்னான்.)

திவசம் அந்த முறை சனிக்கிழமையில் வந்தது. விடியப்புறம் எழும்பித் தோய்ந்து, பவானி அக்காவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். வடைக்கு மா அரைத்துவிட்டு உப்பை எவ்வளவு போடுவது என்று தெரியாமல் கரண்டியோடு நின்றேன். அப்போது கீர்த்தி அறையிலிருந்து வந்தாள். மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டாள். கையைத் தண்ணீரில் நனைத்து, மாவை உள்ளங்கையில் தட்டி, தாய் செய்வதுபோலவே நடுவிலே விரலால் ஒரு ஓட்டை போட்டாள். எல்லா வடையையும் அவளே தட்டினாள்.

"நீயும் வாறியோ?" என்று கேட்டேன்.

"விசரே அப்பா உங்களுக்கு? காகத்துக்குச் சாப்பாடு குடுக்க ஆராவது ஆல்ப்ஸ் மலைக்குப் போவினமோ?" என்றுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வருடத்தில் அவள் என்னோடு பேசிய நீளமான வசனம் அதுதான். எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

கரியரைப் பையில் வைத்தால் பாயாசம் ஊற்றுண்டுவிடும் என்று கையிலேயே தூக்கிப் போனேன். ரயிலில் நான் இருந்த பெட்டி முழுக்கக் கத்தரிக்காய்க் குழம்பு மணம். முன்னால் இருந்த ஒரு நாய் மலை வரும்வரைக்கும் கரியரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்கும் எனக்கும் ஒரே நிலைமைதான்.

தொங்குபெட்டி என்னை மேலே இறக்கிவிட்டதும் நான் கண்டது கறுப்புப் பறவைகளைத்தான். அங்கேயே, சாப்பாட்டுக்கடை விறாந்தையில், நூற்றுக்கணக்கில்! மஞ்சள் சொண்டு, சிவப்புக் கால். கொஞ்சம் அலங்காரம் கூடிப்போன காகம் என்று வைத்துக்கொள்ளலாம். புத்தியுள்ளவன் என்றால் அந்த இடத்திலேயே கரியரைத் திறந்து, படைத்து, தானும் சாப்பிட்டு, மத்தியான ரயிலில் வீடு போய்ச் சேர்ந்திருப்பான்.

நான் பார்த்தேன். ஒரு பறவை பன்றி இறைச்சிச் சொசேஜ் துண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. இன்னொன்று யாரோ ஒரு பிள்ளையின் தட்டில் கெச்சப்புக்குள் காலை வைத்துக்கொண்டு நின்றது. மச்சம் தின்ற சொண்டாலேயோ என் வதனியின் திவசச் சாப்பாடு? பக்கத்தில் பியர் கிளாசும் சிரிப்பும் கும்மாளமும் வேறு. இதற்குள் நான் "கா... கா..." என்று கூப்பிட்டால் படம் எடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் சுத்தமான, அமைதியான இடமும் சைவமான காகமும் கிடைக்கும் என்று முடிவெடுத்தேன். பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை. அதில் ஒரு மனிதன் தலைகீழாக விழுகிற படம். அது வேறு யாருக்கோ போட்டது என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

முதல் அரைமணி நேரம் நல்லாகத்தான் இருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார்கள், பிறகு கரியரைப் பார்த்தார்கள். காலில் மலிவு விலைக் கடையில் வாங்கிய ஓட்டச் சப்பாத்து. பிறகு பாதை மெலிந்தது. ஒரு பக்கம் ஜேர்மனி, மறுபக்கம் ஒஸ்ட்ரியா, நடுவிலே கத்தி முனைபோல ஒரு கல் வரம்பு, அதன்மேல் நான். இரண்டு நாட்டிலும் பள்ளம். பள்ளத்துக்குள் முகில். சில இடங்களில் பாறையில் இரும்புக் கம்பி அடித்து, அதைப் பிடித்துக்கொண்டு போ என்று விட்டிருந்தார்கள். ஒரு கையில் கம்பி, மறு கையில் கரியர். காற்று அடிக்கும்போதெல்லாம் கரியர் ஆடும், கரியர் ஆடினால் நானும் ஆடுவேன். திரும்பிப் போகலாம் என்றால் திரும்புவதற்கு இடம் இல்லை.

பறவையும் இல்லை. நான் பெரிய புத்தியோடு ஒதுக்கிவிட்டு வந்த காகங்கள் எல்லாம் அங்கே சொசேஜ் தின்றுகொண்டிருக்க, இங்கே ஒரு ஈ, எறும்பு கிடையாது. முதல் நாள் இரவிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வடை மணம் வேறு மூக்கில் அடித்தது. "நீ சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டன், ஆனால் கெதியாய்ச் சாப்பிடு" என்று வதனிக்கு வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன்.

ஓரிடத்தில் கம்பி செங்குத்தாக இறங்கியது. ஒரு கையால் இறங்க ஏலாது. கரியரைப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இறங்கி, பிறகு எட்டி எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இறங்கினேன். நிமிர்ந்து கையை நீட்டினேன். கல் ஆடியது.

கரியர் என் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு போனது. டங் என்று ஒரு சத்தம். பிறகு டங், டங், டிங் என்று பள்ளத்துக்குள் உருண்டுகொண்டே போனது. நான் ஒரு வருடமாக வாயைத் திறந்து கூப்பிடாத பேரை, அந்த மலை முழுக்கக் கேட்கும்படி கத்திக் கூப்பிட்டேன்.

"வதனீ!"

எதிர்ப் பாறையும் "வதனீ" என்றது. நான் அப்படியே கல்லில் இருந்து, பள்ளத்தைப் பார்த்துக் குழறி அழுதேன். அன்றைக்கும் அவள் பட்டினி. ஒரு வருடம் கழித்தும் பட்டினி. அவளுக்கு ஒரு நேரச் சாப்பாடு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த மனிசனால் முடியவில்லை.

என் சத்தத்தைக் கேட்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு ஜேர்மன் புருசனும் பெண்சாதியும் ஓடோடி வந்தார்கள். பெண்சாதி எனக்கு முன்னால் முழங்காலில் இருந்து என் தோளைப் பிடித்தார்.

"யார் அது? வதனி யார்?"

"என் மனைவி" என்றேன். கையால் பள்ளத்தைக் காட்டினேன். கரியருக்கு டொச் சொல் வரவில்லை. திவசத்துக்கும் வரவில்லை. பசியோடு இருந்தால் டொச் வராது என்று வதனி சொன்னது அச்சொட்டான உண்மை. "அவள் இன்னும் சாப்பிடவில்லை" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

புருசன் உடனே கைத்தொலைபேசியை எடுத்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன வயது? எவ்வளவு உயரம்? படம் இருக்கிறதா? என் பர்சில் இருந்த படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். எனக்கு நெஞ்சு உருகிப்போனது. இந்த ஒரு வருடத்தில் ஒருவரும் என் வதனியைப் பற்றி என்னிடம் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. எல்லோரும் அவள் பேரைச் சொல்லாமல் என்னைச் சுற்றிப் போனார்கள். ஆறுதலுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து நானும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன்.

"கடைசியாக நீங்கள் பார்த்தபோது என்ன உடுத்தியிருந்தார்?"

கடைசியாகப் பார்த்தது பெட்டிக்குள். "சிவப்புப் பட்டுச் சேலை. எங்கள் கல்யாணச் சேலை" என்றேன்.

"காலில்?"

"ஒன்றும் இல்லை."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பட்டுச் சேலை, வெறுங்கால் என்று புருசன் தொலைபேசியில் சொன்னது என் காதில் விழுந்தது. அதையெல்லாம் ஏன் தொலைபேசியில் சொல்கிறார் என்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஹெலிகொப்டர் வந்தது. ஜேர்மன்காரர் ஹெலிகொப்டரைக் கண்டால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார்கள். யாழ்ப்பாணத்தான் காட்டமாட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் என்னை அறியாமல் பாறைக்குக் கீழே குப்புற விழுந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டேன். எங்கள் ஊரில் அது மேலே நின்றால் அடுத்தது சூடுதான். நான் மயங்கிவிட்டேன் என்று அந்த அம்மா அலறத் தொடங்கினார். "நீங்களும் விழுந்து படுங்கோ!" என்று நான் அவருக்குத் தமிழில் கத்தினேன். அவர் படுக்கவில்லை. ஹெலிகொப்டரும் சுடவில்லை. பள்ளத்துக்கு மேலே இரண்டு முறை சுற்றியது. பிறகு கொஞ்சம் தள்ளி, சமதரையில் இரண்டு சிவப்புச் சட்டைக்காரரை இறக்கிவிட்டுப் போனது.

மீட்புப் படையில் மூத்தவர் பெரிய மீசைக்காரர். என் பக்கத்தில் வந்து குந்தினார். அமைதியாகப் பேசினார்.

"உங்கள் மனைவி எந்த இடத்தில் விழுந்தார்?"

"என் மனைவி விழவில்லை. சாப்பாடுதான் விழுந்தது."

மீசைக்காரர் அந்தப் புருசனைத் திரும்பிப் பார்த்தார். புருசன் தோளைக் குலுக்கினார். "அவருக்கு அதிர்ச்சி" என்று அந்த அம்மா காதோடு சொன்னார்.

"சரி. அவர் பலவீனமாக இருப்பார் இல்லையா? கடைசியாக எப்போது சாப்பிட்டார்?"

இதற்கு எனக்கு நாளே தெரியும். "போன வருடம் ஜூலையில்" என்றேன்.

மீசைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"எப்போது இறந்தார்?"

"செப்டம்பரில். இன்றோடு ஒரு வருடம்."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கையில் இருந்த கருவியில், "தேட வேண்டாம். பிறகு விளக்கம் சொல்கிறேன்" என்றார். எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. இவர்கள் என் பெண்சாதியைத் தேடியிருக்கிறார்கள்! பட்டுச் சேலை கட்டி, வெறுங்காலோடு, மலைப் பள்ளத்தில் பசியோடு கிடக்கிறாள் என்று ஒரு ஹெலிகொப்டரே தேடியிருக்கிறது! அந்த இடத்திலேயே நானும் உருண்டு போயிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே, தெரிந்த டொச்சை எல்லாம் கூட்டிப்பொறுக்கி, காகம், திவசம், விரதம், புறா, கீழ் வீட்டு அம்மா என்று முழுக் கதையையும் சொன்னேன். பேச்சு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். யாரும் ஏசவில்லை. அந்த அம்மா ஒரு சொக்லேட் துண்டை நீட்டினார்.

"ஏலாது. அவள் இன்னும் சாப்பிடேல்லை" என்றேன். தமிழில்தான் சொன்னேன். ஆனால் அந்த வசனம் இதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது.

மீசைக்காரர் எழும்பினார். தொலைநோக்கியை எடுத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"கறுப்புப் பறவை என்றுதானே சொன்னீர்கள்?"

"ஓம். ஓம்... யா, யா!"

"வந்திருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். உங்கள் பாத்திரம் உடைந்து எல்லாம் பாறையில் சிதறிக் கிடக்கிறது."

நான் எழும்பி அவர் பக்கத்தில் போனேன். "சாப்பிடுகின்றனவா?"

"சாப்பிடுகின்றன."

"என்ன? எதை?"

"சோறு மாதிரி ஒன்று கிடக்கிறது, அதைத் தொடவில்லை. எல்லாம் வேறு ஒன்றுக்குத்தான் அடிபடுகின்றன. என்ன அது... வட்டமாக, மண்ணிறமாக... நடுவிலே ஒரு ஓட்டை இருக்கிறது."

தொலைநோக்கியை என்னிடம் தந்தார். வாங்கிக் கண்ணில் வைத்தேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அந்த மனிசன், உயிர் காக்க வந்த மனிசன், மலை விளிம்பில் நின்று எனக்குக் கிரிக்கெட் வர்ணனைபோலச் சொன்னார். ஒன்று எடுத்துக்கொண்டு பறக்கிறது. இன்னொன்று துரத்துகிறது. பாதியைப் பிடுங்கிவிட்டது. திரும்பி வருகிறது, இன்னும் ஒன்று எடுக்கிறது. முடிந்தது, எல்லா வளையமும் முடிந்தது. இப்போதுதான் சோற்றுக்கு வருகின்றன.

முதலில் வடை, பிறகு சோறு. வதனி பந்தியில் இருந்தாலும் இதே ஒழுங்குதான். அந்த முறை உப்பும் சரியாக இருந்திருக்கவேண்டும்.

"சாப்பிட்டுவிட்டார்" என்றார் மீசைக்காரர். சாப்பிட்டுவிட்டன என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டார் என்றுதான் சொன்னார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். பிறகு அந்த அம்மாவின் சொக்லேட்டை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று துண்டு. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக, காதுக்குள் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டேன்.

இரக்கம் வேறு, ஒழுங்கு வேறு என்பதையும் ஜேர்மன்காரர் மறக்கவில்லை. அது பாதுகாக்கப்பட்ட மலையாம், பாத்திரத்தை அங்கே விடக்கூடாதாம். மற்றச் சிவப்புச் சட்டைக்காரர் கயிற்றில் இறங்கி, நெளிந்துபோன இரண்டு அடுக்கையும் மூடியையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது அடுக்கு கிடைக்கவில்லை. பிறகு என்னை இடுப்பில் கயிறு போட்டு, கோயில் ஆட்டைக் கூட்டிப்போவதுபோல, தொங்குபெட்டி நிலையத்துக்கு நடத்திக் கூட்டிவந்தார்கள். விறாந்தையில் காகங்கள் இன்னும் தின்றுகொண்டிருந்தன. மீசைக்காரர் அவற்றைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அடுத்த வருடம் இங்கேயே வையுங்கள்" என்றார்.

வீட்டுக்குப் போனபோது கீர்த்தி கதவைத் திறந்தாள். என் கிழிந்த காற்சட்டையைப் பார்த்தாள், நெளிந்த கரியரைப் பார்த்தாள். குசினிக்குள் இருத்தி வைத்து முழுவதையும் சொன்னேன். பட்டுச் சேலையில் அவளுக்கு உதடு துடித்தது. ஜூலை என்று நான் சொன்ன இடத்தில் கையால் வாயைப் பொத்தினாள். ஹெலிகொப்டரில் பொத்தமுடியாமல் வெடித்துச் சிரித்தாள். குசினி நிலத்தில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பிள்ளை, காகம் முதல்ல வடையைத்தான் எடுத்தது. நீ சுட்ட வடையை" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். "அம்மா... அம்மா..." என்று, ஒரு வருடமாகச் சொல்லாததை எல்லாம் சேர்த்துச் சொன்னாள். நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டேன். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பிறகு மிச்சம் இருந்த வடையை இரண்டு பேரும் சாப்பிட்டோம். உப்புச் சரி.

பவானி அக்காவுக்குச் சொன்னபோது மட்டும் சிக்கல் வந்தது.

"மஞ்சள் சொண்டோ? என்ன தம்பி கதை இது? காகத்துக்கு எங்கை மஞ்சள் சொண்டு? அது மைனாவெல்லோ?"

"அக்கா, ஆள் முழுக்கக் கறுப்பு."

"பொறு, ஐயரைக் கேட்டுட்டு எடுக்கிறன்."

ஐயர் யோசித்துப் பார்த்து, உடம்பு கறுப்பென்றால் சொண்டை மன்னிக்கலாம் என்று சொன்னாராம். அதற்குப் பிறகுதான் மனிசி சமாதானமானா.

இப்போது கீர்த்திக்குக் கல்யாணமாகி, பிள்ளையும் இருக்கிறது. வருடா வருடம் திவசத்துக்கு அவள்தான் வடை சுடுகிறாள். அந்த இரண்டடுக்குக் கரியரில்தான் போடுகிறோம். மூடி ஒழுங்காக மூடாது. மாற்றுவதற்கு ஒருவருக்கும் மனமில்லை. பல்கனியில் புறா வந்தால் இப்போது துரத்துவதில்லை. கரியரை எடுக்கும்போதெல்லாம் கீர்த்தி, "அப்பா, ஹெலிகொப்டருக்கு டெர்மீன் வைச்சிட்டியளோ?" என்று கேட்பாள். மருமகனும் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

போன முறை சிரித்துவிட்டு, வடையைத் தட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

"அப்பா, இப்பவே சொல்லிப்போட்டன். உங்களுக்காக நான் மலை ஏற மாட்டன். புறா தின்னுற சாமான் ஏதாவது இப்பவே விருப்பமாச் சாப்பிடப் பழகுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மாவில் ஓட்டை போட்டுக்கொண்டு குனிந்தே நின்றாள்.

அடுத்த நாள் கடைக்குப் போய், புறா விரும்பித் தின்கிற சோளத்தில் ஒரு பை வாங்கிவந்து அவித்துச் சாப்பிட்டேன். எனக்குச் சோளம் பிடிக்காது, எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் ஒரு கிண்ணம் சாப்பிட்டு வருகிறேன். பழகிவிடும். என் பிள்ளை அந்தப் பாதையில் தனியாகப் போய் நிற்கக்கூடாது.